உப்பு காயும் ஊரில் கழிவு காயாதா?

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரி, அதன் கடைக்கோடி ஊர்களில் ஒன்று.

வழியில் நெல்லையின் சாக்கடையும் ஆற்றில் விழுகிறது. 2024-ல் ஐகோர்ட்டு நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள்!

மேலே இருப்பவர்கள் அதை நிறுத்தத்தான் வேண்டும். அதற்காகச் சின்ன ஊர்கள் சும்மா இருக்கலாமா? வீட்டு மலத்தொட்டியை லாரி உறிஞ்சிப் போகிறது. எங்கே கொட்டுகிறது என்று யார் கேட்கிறார்கள்?

இதற்குப் பாதாளச் சாக்கடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியும் பேரூராட்சிதான். அங்கே லாரிக் கழிவை மணல், சரளைப் படுகையில் ஊற்றுகிறார்கள். தண்ணீர் கீழே வடிகிறது. வண்டல் காய்ந்து எருவாகிறது.

ஆறுமுகநேரி வெயிலில் கடல் நீரே காய்ந்து உப்பாகிறது. கழிவு காயாதா? ஐப்பசி மழைக்கு மட்டும் மேலே கூரை போட வேண்டும்.