எந்த ஊர்க் கொசு?

சிக்கலில்லாத மலேரியாவுக்கு ஒரே மருந்து போதும் என்ற காலம் மலையேறிவிட்டது. (வைவாக்ஸ் வகை இன்னும் குளோரோகுயினுக்குக் கட்டுப்படுகிறது, நான் சொல்வது ஃபால்சிபாரம்.) ஆர்ட்டிமிசினின் இன மருந்து கிருமிகளை வேகமாகக் கொன்றுவிட்டுச் சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். மிச்சத்தைத் துணை மருந்து நாள்கணக்கில் நின்று தீர்க்க வேண்டும். மலைப்பாதையில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின் மாதிரி.

2013-ஆம் ஆண்டின் தேசிய மருந்துக் கொள்கை, வடகிழக்கு மாநிலங்களுக்கு ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின், மற்ற இடங்களுக்கு ஆர்ட்டிசுனேட்டுடன் சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் என்று பிரித்தது. வடகிழக்கில் சல்ஃபாடாக்சின் கூட்டு தோற்க ஆரம்பித்திருந்ததே காரணம்.

சௌகரியம் பார்த்தால் சல்ஃபாடாக்சின் கூட்டுதான் மேல்: தினம் ஒரு வேளை, துணை மருந்து முதல் நாளோடு சரி. லூமிஃபான்ட்ரினோ மூன்று நாளில் ஆறு வேளை, அதுவும் பால் போன்ற கொழுப்புள்ள ஆகாரத்துடன். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் நம்மவர்கள் மீதி மாத்திரையை அலமாரியில் பத்திரப்படுத்திவிடுவார்கள்! அதற்காகத் தோற்ற மருந்தைத் தர முடியுமா?

திரிபுராவில் கடிபட்டுக் கொல்கத்தாவில் வந்து படுக்கிறவருக்குத் திரிபுரா மருந்துதான் என்பது என் கட்சி. டாக்டர் கேட்காவிட்டாலும், அண்மையில் போய்வந்த ஊரைச் சொல்லிவிடுங்கள்.