கல்யாண வீட்டுக்காரரே, அறையையும் பேசுங்கோ

போன வருசம் ஜூலையில் எங்கள் அக்காவின் கல்யாணம். அதற்காகப் பாரிசிலிருந்து சித்தப்பா, சித்தி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பம்மா என்று ஐந்து பேர் வந்தார்கள். வந்து இறங்கிய அன்று இரவு பதினொன்றரைக்கு அப்பாவின் ஃபோன் அடித்தது.

"அண்ணை, சின்னப் பிரச்சினை ஒண்டு. அறைக்கு நாலு பேருக்கு மேல விடமாட்டினமாம்."

நானும் அப்பாவும் டவுன்டவுனுக்குப் போனோம். ஹோட்டல் வாசலில் பிள்ளைகள் இரண்டு பேரும் பெட்டிகளுக்கு மேல் சாய்ந்து நித்திரை. சித்தி யாரையும் பார்க்காமல் நின்றார். அப்பம்மா சோபாவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்பாவைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னை எண்ணேல்லையோ தம்பி?"

எண்ணவில்லை, அதுதான் உண்மை. இணையத்தில் ஐந்து என்று போட்டால் ஒரு அறையும் வரவில்லை, இரண்டு அறை எடுக்கச் சொன்னது. நாலு என்று போட்டால் ஒரு அறை, பாதி விலை. சித்தப்பா நாலு என்று போட்டுவிட்டார். "வயது போன மனுசி, ஆர் கேக்கப் போகினம்" என்று நினைத்திருக்கிறார். அன்றிரவு இன்னொரு அறை எடுப்பதென்றால் அதன் விலை முதல் அறையை விடக் கூட. அப்பம்மாவை நாங்கள் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் என் கட்டிலில் படுத்தார், நான் சோபாவில்.

ஹோட்டல்காரரில் எனக்குக் கோபம் இல்லை. அறையில் இரண்டு பெரிய கட்டில்கள், அதனால் நாலு பேர். தீ விபத்து நடந்தால் எத்தனை பேரை வெளியே எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் எங்களில்தான். சித்தப்பா ஏன் எங்களிடம் முதலே கேட்கவில்லை? நாங்கள் ஏன் அவரிடம் "எங்க தங்கப் போறியள்?" என்று கேட்கவில்லை?

காரணம் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஸ்காபரோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இப்போது இரண்டு அறை கொண்டோவில் இருக்கிறோம். "வாங்கோ, ஆனா இடமில்லை" என்று தம்பியிடம் சொல்ல அப்பாவுக்கு வெட்கம். "வீட்டில தங்கலாமோ" என்று கேட்க சித்தப்பாவுக்கும் வெட்கம். இரண்டு பக்கத்து வெட்கமும் சேர்ந்துதான் அப்பம்மாவை லொபியில் இருத்தியது.

எண்பதுகளின் கடைசியில் அப்பா வந்து இறங்கியது சென். ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு. அங்கே ஏழு பேர். இரவு வேலைக்குப் போகிறவர் எழும்ப, பகல் வேலை முடித்து வந்தவர் அதே மெத்தையில் படுப்பாராம். பிறகு வீடு வாங்கியவர்களிடம் பேஸ்மென்ற் இருந்தது. லண்டனிலிருந்து யார் வந்தாலும் பாய் விரித்தால் போதும். ஹோட்டலில் தங்கினால் "ஏன், எங்கட வீடு சரிவராதோ" என்று கோபிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அன்பு இருந்தது. இன்றைக்கு இடம்தான் இல்லை. இடம் போன பிறகும் அந்தக் கோபத்தை மட்டும் வைத்திருக்கிறோம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களுக்கு அறை பார்ப்பது கல்யாண வீட்டின் வேலை. மண்டபம் பிடிப்பது போல, ஐயரைப் பேசுவது போல அதுவும் ஒரு வேலை. வீட்டில் அதைச் செய்யவேண்டியவர்கள் நாங்கள், இந்த நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள். அக்காவின் கல்யாணத்துக்கு ட்ரோன் படம் எடுப்பவரை எட்டு மாதத்துக்கு முதல் பேசினோம். பொன்னுருக்கலுக்கு என்ன நிறத்தில் சாரி என்று வட்ஸ்அப்பில் ஒரு கிழமை விவாதம் நடந்தது. யார் எங்கே படுக்கப் போகிறார்கள் என்று ஒரு செய்திகூட இல்லை. நானும் போடவில்லை.

தெரிந்தால் செய்திருக்கக்கூடியது நிறைய. முதலாவது, இடம். "ரொறன்ரோ ஹோட்டல்" என்று பாரிசிலிருந்து தேடினால் வரைபடம் சிஎன் ரவரைச் சுற்றித்தான் புள்ளி போடும். எங்கள் மண்டபங்களோ ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் டவுன்டவுனிலிருந்து சாரியோடும் நகையோடும் அங்கே வந்து சேர ஒரு மணித்தியாலம் போய்விடும். காரை நிறுத்த ஹோட்டலுக்கு நாள்தோறும் தனிக் காசு. 404 நெடுஞ்சாலைப் பக்கம், மார்க்கத்தில், சமையலறையோடு கூடிய சூட் ஹோட்டல்கள் இருக்கின்றன: ரெசிடன்ஸ் இன், ஹோம்வூட் சூட்ஸ் போன்றவை. இழுத்து விரிக்கும் சோபாக் கட்டில் இருக்கிற சூட்டில் ஐந்தாவது ஆளுக்கும் கணக்கோடு இடம் கிடைக்கலாம். காலைச் சாப்பாடும் அறை விலைக்குள்ளேயே வருகிறது. அதைவிட, அப்பம்மாவுக்கு இரவில் கஞ்சி காய்ச்ச ஒரு அடுப்பு இருக்கும். பிள்ளைகளை ஒருநாள் டவுன்டவுன் காட்டக் கூட்டிக்கொண்டு போவது பெரிய செலவில்லை. 12 வயது வரைக்கும் ரிரிசியிலும் கோ ரயிலிலும் பிள்ளைகளுக்குக் காசில்லை.

இரண்டாவது, விலை. திரையில் 200 டொலர் என்று இருந்தால் அது 200 இல்லை. 2018 ஏப்ரலில் ரொறன்ரோ நகரம் தங்குமிட வரி என்று 4 வீதம் போட்டது, பிறகு 6 ஆக்கியது. 2025 ஜூன் 1 முதல் 2026 ஜூலை 31 வரை 8.5 வீதம், உலகக்கிண்ணச் செலவுக்காக. ஆக 200 டொலர் அறை 217 ஆகும். அதற்கு மேல் 13 வீத எச்எஸ்ரி. கையிலிருந்து போவது 245 டொலர் 21 சதம். ஐந்து இரவுக்குப் பெருக்கிப் பாருங்கள். "எங்கட பிள்ளையின்ர கல்யாணத்துக்கும் ஃபுட்போலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வருசம் ஜூன் 12 தொடங்கி ஆறு ஆட்டங்கள் இங்கே நடக்கின்றன. அந்த நாட்களில் கல்யாணம் வைப்பவர்கள் நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு ஆட்ட அட்டவணையையும் பார்ப்பது நல்லது. ஓகஸ்ட் தொடக்கத்தில் கரிபியன் கார்னிவல், செப்டெம்பரில் திரைப்பட விழா. அப்போதும் விலை ஏறும்.

மூன்றாவது, மொத்தமாகப் பேசுவது. பொதுவாகப் பத்து அறை அளவில் ஒன்றாக எடுத்தால் ஹோட்டல்கள் குழு விலை தரும். பக்கத்துப் பக்கத்து அறைகள், உள்ளே கதவு திறக்கிற அறைகள் வேண்டும் என்றால் ஹோட்டலுக்கே நேராக ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டும். பாரிசிலிருந்து ஆங்கிலத்தில் அதைக் கேட்கச் சித்தப்பாவுக்குக் கூச்சம். எனக்கு அது பத்து நிமிச வேலை. நான் கல்லூரியில் இருந்த நாலு வருசமும் வாடிக்கையாளர் சேவையில் ஃபோன் எடுத்தவள்!

டவுன்டவுனில்தான் தங்குவோம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கோடையில் மாணவர்கள் போன பிறகு பல்கலைக்கழக விடுதிகளில் அறை விடுவார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் செஸ்நட் விடுதி முன்பு ஹோட்டலாக இருந்து 2003 இல் பல்கலைக்கழகம் வாங்கியது. பிள்ளைகள் இருந்தால் ஜெரார்ட் வீதியில் செல்சீ ஹோட்டலைப் பாருங்கள். 1590 அறைகள், தண்ணீரில் சறுக்கும் குழாயும் உண்டு. மலிவு என்று சொல்லமாட்டேன்.

"ஏன் இவ்வளவு கரைச்சல், ஆரும் தமிழாக்களின்ர பேஸ்மென்ற்றை ஏர்பிஎன்பியில எடுக்கலாமே" என்று மாமா ஒருவர் சொன்னார். இதில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. ரொறன்ரோவில் ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை மட்டும்தான் நாள் வாடகைக்கு விடலாம். முழு வீடென்றால் வருசத்துக்கு 180 இரவு வரைக்கும். மேலே இருக்கும் வீட்டுக்காரர், தனிச் சமையலறையோடு கட்டிய பேஸ்மென்ற்றை அப்படி விட முடியாது. முறையாகப் பதிந்த இடத்தின் விளம்பரத்தில் எஸ்ரிஆர் என்று தொடங்கும் எண் இருக்கும். எண் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்தச் சட்டத்தால் அறை குறைந்தது என்று முணுமுணுக்கிறோம். ஆனால் என் மச்சாள் ஒரு வருசமாக வாடகைக்கு பேஸ்மென்ற் தேடித் திரிகிறாள். நாலு நாள் வரும் விருந்தாளிக்குக் கொடுக்கிற இடம் பன்னிரண்டு மாதம் இருக்கப்போகும் அவளுக்குக் கிடைக்காமல் போகிற இடம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஹோட்டலில் ஆளை ஒளித்துக் கொண்டுபோவதையும் நிறுத்துவோம். பின்கதவால் பிள்ளைகளைக் கூட்டிப்போன கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவோம், நானும் சொல்லியிருக்கிறேன். பிடிபடும்போது லொபியில் இருத்தப்படுபவர் எப்போதும் வயது போனவர்தான். ஐந்து பேர் என்றால் ஐந்து என்று போட்டு, கூடுகிற காசை கல்யாண வீடும் வருகிறவர்களும் பங்கு போடலாம். மொய்யில் கழித்துக்கொள்ளலாம் என்று அக்கா பகிடி விட்டாள். எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

இந்த ஓகஸ்டில் என் மச்சானுக்குக் கல்யாணம். வரி அப்போது 6 வீதத்துக்குத் திரும்பியிருக்கும். போன கிழமை குடும்ப வட்ஸ்அப்பில் நான் ஒரு செய்தி போட்டேன்: "எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, ஆர் படி ஏற மாட்டினம், ஆருக்குச் சமைக்க வேணும். எங்கட வீட்டில ஒரு கட்டில்தான் இருக்கு, அது அப்பம்மாவுக்கு. மற்ற ஆக்களுக்கு நான் அறை பார்க்கிறன்." அரை மணித்தியாலம் ஒரு பதிலும் இல்லை. பிறகு சித்தப்பா "5" என்று மட்டும் அனுப்பினார். அதற்குக் கீழே அப்பம்மாவின் குரல் பதிவு: தான் இந்தமுறை பிள்ளைகளோடு ஹோட்டலில்தான் நிற்கப் போகிறாராம், குளிக்கிற இடத்தில் பிடிக்கக் கம்பி இருக்குதோ என்று கேட்டுச் சொல்லட்டாம்.

நாளைக்கு ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டும்.