கீபோர்டும் குரலும்: வாடகை சவுண்டு சிஸ்டம் எதுக்கு?

வெளிமாநிலத்தில் பத்து தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் ஒரு பொங்கல் விழா உண்டு. விழா என்றால் பாட்டு உண்டு. கமிட்டி கூடியதும் முதலில் எழுதப்படும் செலவு 'சவுண்டு சிஸ்டம் வாடகை'. அடியேன் கட்சி இதுதான்: நூறு பேருக்குள் சொசைட்டி ஹாலில் நடக்கிற நிகழ்ச்சிக்கு வாடகை சிஸ்டமும் வேண்டாம், புதுசா எதையும் வாங்கவும் வேண்டாம். நம்ம வீடுகளில் தூங்குவதை எழுப்பினாலே போதும்.

காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இங்கே புனேயில் நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று வளருகிறார்கள். நாலு பேர் முன்னால் அவர்கள் தமிழில் வாய் திறக்கிற சந்தர்ப்பம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். வாடகைக்கு வருகிறவர் டான்ஸுக்கு ஏற்ற மாதிரி 'தும் தும்' என்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பாட்டில் வார்த்தை கேட்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம், அவருக்குத் தமிழே தெரியாதே! ஏழு வயசுப் பொண்ணு பாடி முடித்ததும் "என்ன பாட்டும்மா அது?" என்று நாம் கேட்டால், அடுத்த வருஷம் அவள் மேடை ஏறுவாளா?

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு வீட்டில் கீபோர்டு. இன்னொரு வீட்டில் கிடார் ஆம்ப். யாரிடமாவது கரோக்கி ஸ்பீக்கர், ஒரு சின்ன மிக்ஸர், ரெண்டு மைக். சொசைட்டி ஆபீஸில் அறிவிப்புக்காக ஒரு அஹூஜா ஆம்ப்ளிஃபையர். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டுபோய்ச் செருக வேண்டும் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். கீபோர்டிலிருந்து வருவது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். மைக் துளையில் கீபோர்டைச் செருகினால் கரகரப்புதான் மிஞ்சும். அதற்கு 'லைன்' என்று எழுதிய துளை வேண்டும்.

சின்ன கீபோர்டுகள் பலவற்றில் ஹெட்போன் துளை மட்டுமே இருக்கும். அது ஸ்டீரியோ. அதிலிருந்து ஸ்டீரியோ கேபிளை எடுத்து மிக்ஸரின் பேலன்ஸ்டு மோனோ துளையில் நேராகச் செருகினால், மிக்ஸர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். ரெண்டிலும் பொதுவாக இருக்கிற சத்தம் காணாமல் போய், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். உடனே "கீபோர்டு அவுட்டு" என்று தீர்ப்பு! இடது வலது என்று ரெண்டாகப் பிரிகிற ஒய் கேபிள் ஒன்று போதும். மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, தில்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட் பக்கம் போனால் கிடைக்கும். பெரிய செலவில்லை.

புளூடூத்தில் கீபோர்டை இணைக்கலாமே என்பார்கள் இளவட்டங்கள். வேண்டாம். கட்டையை அழுத்தி கண்ணில் படுகிற அளவு தாமதித்துத்தான் சத்தம் வரும். வாசிக்கிறவருக்குத் தாளம் போச்சு.

என் யோசனை, குரலையும் கீபோர்டையும் பிரித்துவிடுங்கள். இருப்பதில் நல்ல ஸ்பீக்கர் குரலுக்கு. கீபோர்டுக்கு அதன் சொந்த ஸ்பீக்கரோ கரோக்கி ஸ்பீக்கரோ போதும். அதை மேடையில் பாடுகிறவர்களுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். பிள்ளைகளுக்கு சுருதி காதில் விழும், தனி மானிட்டர் தேவையில்லை. கிடார் ஆம்பில் உச்ச ஸ்வரங்கள் மழுங்கும்; வேறு வழியில்லாவிட்டால் மட்டும் அது. சொசைட்டியின் குழாய் ஸ்பீக்கர் அறிவிப்போடு நிற்கட்டும்.

குரல் ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் வைத்தால் 'கூய்ய்' தான். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சினிமாவில் ஸ்டைலாக இருக்கும். ஆனால் பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்க ஆரம்பித்து ஊளையிடும். மிக்ஸரில் 'லோ கட்' பட்டன் இருந்தால் குரலுக்கு அதை அழுத்திவிடுங்கள்.

விளையாடக் கூடாத விஷயம் ரெண்டு. ரெண்டு ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் வயர்களை ஒன்றாக முறுக்காதீர்கள், புகை வரும். 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே அடங்கும். கீபோர்டிலிருந்து நீளமாகக் கேபிள் இழுக்க வேண்டி வந்தால் நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ், அதில் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சும் இரைச்சலைத் தணிக்கும்.

"இதெல்லாம் யாருய்யா பார்ப்பது? வாடகைக்காரன்னா அவனே வந்து மாட்டிட்டுப் போவான்" என்பவர்கள் உண்டு. நியாயம்தான். முந்நூறு பேர், திறந்த மைதானம், டிரம்ஸ் என்றால் நானே வாடகைக்குக் கை தூக்குவேன். ஆனால் நம்ம ஹாலுக்கு, முதல் நாள் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் போதும். பத்தாம் கிளாஸ் படிக்கிற ரெண்டு பையன்களிடம் மிக்ஸரைக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் ஒரு பாட்டியை உட்கார வையுங்கள். வார்த்தை புரிகிறது என்று பாட்டி தலையாட்டுகிற வரைக்கும் கீபோர்டைக் குறைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல மீட்டர் எந்தக் கடையிலும் கிடையாது.