பாலையிற் குடித்தனம்

பாலைத் திணைக்குப் பிரிவே உரிப்பொருள் என்பது நம் பொருளிலக்கணம். பொருள் தேடுவோன் மனையாளையும் மக்களையும் இல்லத்தே விட்டுச் சுரங் கடந்தான். இன்றோ மனைவி மக்களோடு வீட்டையும் உடன்கொண்டு பாலைக்குக் கலை காணச் செல்வோர் உளர். அமெரிக்காவில், நெவாடா மாநிலத்துப் பிளாக் ரொக் பாலையில், ஆண்டுதோறும் ஓகஸ்ட் இறுதியிலே தொடங்கும் 'பேர்னிங் மான்' விழாவையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

1986இல் லாரி ஹார்வி, ஜெரி ஜேம்ஸ் என்னும் இருவர் சான் பிரான்சிஸ்கோக் கடற்கரையில் மரத்தாலான மனிதவுருவொன்றை எரித்தனர். 1990இல் அவ்வழக்கம் பாலைக்குப் பெயர்ந்தது. அண்மைக் காலத்தில் 70,000 பேரளவினர் அங்குக் கூடியுள்ளனர். வெண்புழுதி நிலத்திலே பெருஞ் சிற்பங்கள் எழுகின்றன. இறுதியில் மனிதவுருவும், இறந்தோர் பெயர்களை மக்கள் எழுதிவைக்கும் மரக்கோயிலும் தீக்கிரையாகின்றன. பனிக்கட்டி போன்ற சிலவன்றி அங்கு விற்பனை இல்லை. 2004இல் ஹார்வி வகுத்த பத்துக் கோட்பாடுகளுள் ஈகையும், தன்னைத் தானே தாங்குதலும், சுவடு விடாது நீங்குதலும் அடங்கும்.

படுக்கை, அடுப்பு, கழிவறை யாவும் அமைந்த மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுத்து இவ்விழாவுக்குச் செல்லும் குடும்பத்தாரைச் சிலர் எள்ளுவர். கூடாரமடித்து வெயிலிற் கிடப்பவனே தன்னைத் தாங்குவோன் என்பது அவர் வாதம். அதில் ஒருபாதி உண்மையுண்டு. கதவடைத்து, குளிரூட்டும் இயந்திரம் முழங்க உள்ளிருப்போர் தம் வீட்டை விட்டு நீங்காதவரே. ஆயினும் சிறுபிள்ளைகளோடு செல்வோரை அவ்வாறு இகழ்தல் தகாது. பகலிற் கடுவெயில், இரவிற் குளிர், இடையிடையே கண்ணை மறைக்கும் புழுதிப்புயல். குழந்தைக்கு நிழல் தேடுதல் பெற்றோர் கடன். குடும்பங்களுக்கென்றே 'கிட்ஸ்வில்' என்னும் குடியிருப்பும் அங்குண்டு. வளர்ந்தோர்க்கேயுரிய காட்சிகளும் உண்டாதலின் பெற்றோர் கண்காணிப்பு இன்றியமையாதது.

இவற்றினும் மேலாக, அவ்வண்டி ஒரு நல்லாசிரியன் என்பதே எமது கருத்து. கிணற்றில் நீர் அள்ளியவர்க்கு நீரின் அளவைக் கையே உணர்த்தும். குழாயைத் திருகி வளரும் பிள்ளை அதனை அறியாது. வண்டியிலோ நன்னீருக்கு ஒரு தொட்டி, கழிநீருக்கு ஒரு தொட்டி. முன்னது வற்றுவதையும் பின்னது நிரம்புவதையும் வீட்டார் யாவரும் நாடோறும் காண்பர். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஐந்தரை லீற்றருக்கு மேல் நீர் கொணர்க என்பது விழாவினர் அறிவுரை. நால்வர்க்கு ஒரு கிழமைக்கு அது 150 லீற்றரைத் தாண்டும். கழிநீரை நிலத்தில் ஊற்றவும் இசைவில்லை. 2023 செப்டெம்பர்த் தொடக்கத்தில் மழை பெய்து நிலம் சேறாகி வழி அடைபட்டபோது, உணவையும் நீரையும் சிக்கனமாகப் பேணுமாறு பல்லாயிரவர்க்கு அறிவிக்கப்பட்டது. அளவறிந்து வாழ்ந்த குடும்பமே அத்தகைய வேளையில் அயலார்க்கும் ஒரு குவளை நீர் ஈதல் கூடும். ஈகை என்னும் சொல்லுக்குப் பிள்ளைகள் பொருளுணர்வதும் அப்பொழுதே.

எரிந்தொழியும் கலையாற் பிள்ளைக்குப் பயன் யாது என வினவுவாரும் உளர். தீ அவிந்தபின் எஞ்சிய ஆணியையும் கரித்துண்டையும் அகற்றுதல் அதனைச் செய்தோர் பொறுப்பு. கூட்டம் கலைந்தபின் தொண்டர்கள் வரிசையாய் நடந்து, கிடக்கும் சிறு துண்டையும் பொறுக்குகின்றனர். அரசினரும் வந்து நிலத்தைச் சோதிக்கின்றனர். ஆக்கியவனே கூட்டிப் பெருக்கவும் வேண்டும் என்னும் இப்பாடம் நூதனசாலையிற் கிடைப்பதன்று.

மீளும்பொழுது வண்டியின் மூலைமுடுக்கெல்லாம் காரப்புழுதி படிந்திருக்கும். வாடகைக்குக் கொடுத்தோர் அதற்கெனத் தனிக்கட்டணம் கேட்பதும் உண்டு. பெற்றோர் அப்பணத்தைக் கொடுத்துத் தப்பிவிடலாம். அவ்வாறு செய்யாது, பிள்ளைகள் கையில் ஈரத்துணியைக் கொடுத்துத் தாமும் உடனிருந்து துடைப்பாராயின், அக்குடும்பம் பாலைக்குச் சென்ற பயனை முழுதும் பெற்றதாகும்.