இரட்டையரும் பிரசவ நாளும்

"பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை" என்பது நம் தாய்மார் வாயில் நாடோறும் வழங்கும் சொல். இந்தப் பத்து மாதத்தை ஆங்கில மாதமாகக் கொண்டால் கணக்குப் பிழைக்கும். இருபத்தெட்டு நாட்கொண்ட மாதமாகக் கொண்டால் சரியாகப் பொருந்தும். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள், கர்ப்பத்தின் முழுக்காலம் என்று வைத்தியர்களும் கணக்கிடுகின்றனர்.

ஆயின், இக்கணக்கு வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கும்போதே பொருந்தும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் எவ்வளவு காலம் காத்திருப்பது? இரட்டைப் பிள்ளை என்று அறிந்த வீட்டிலே மகிழ்ச்சியோடு கூடவே எழும் கேள்வி இது. "பிள்ளைகள் சுகமாகத்தானே இருக்கின்றன, நாள் நிறையட்டும், ஏன் அவசரம்?" என்று பேத்தியார் கேட்பார். "இரண்டும் சிறிய பிள்ளைகள், இன்னும் ஒரு வாரம் வயிற்றில் இருந்தால் நிறை கூடுமே" என்று தாயும் எண்ணுவாள். இவ்வெண்ணம் இயல்பானதே. எனினும், இரட்டையர் விஷயத்தில் காத்திருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எது, அதனை எவ்வாறு குறிக்கிறார்கள் என்பதை இவ்வாரம் நாம் ஆராய்வோம்.

ஒரு கொடியா, இரு கொடியா?

தாய்க்கும் சிசுவுக்கும் இடையே நின்று, உணவையும் ஒட்சிசனையும் கொடுத்துக் கழிவை வாங்கும் உறுப்பைச் சூல்வித்தகம் என்று பாடநூல்கள் கூறும். நம் ஊர்களில் அதனை இளங்கொடி என்பர். இரட்டையரின் பிரசவ நாளைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெறுவது இந்த இளங்கொடியே. பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனிக் கொடி உண்டா, அல்லது ஒரே கொடியை இருவரும் பகிர்ந்து வாழ்கின்றனரா என்பதே வைத்தியர் அறிய விரும்பும் முதற் செய்தி.

இரண்டு முட்டைகள் தனித்தனியே கருக்கட்டி உண்டாகும் இரட்டையருக்குத் தனித்தனிக் கொடி அமைந்துவிடும். ஆணும் பெண்ணுமாகப் பிறப்போர் இவ்வகையினரே. ஒரே கரு இரண்டாகப் பிளந்து உண்டாகும் ஒத்த இரட்டையரின் நிலை வேறு. பிளவு முதல் மூன்று நாட்களுக்குள் நிகழ்ந்தால் அவர்களுக்கும் இரு கொடிகள் அமையும். நான்காம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் நிகழ்ந்தால், கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால், ஒரே கொடியோடு ஒரே பனிக்குடத்தினுள் இருவரும் வாழ்வர். இது மிக அரிது. ஒத்த இரட்டையருள் மூன்றில் இரு பங்கினர் ஒரே கொடியைப் பகிர்வோர் ஆவர்.

இதனை எப்போது அறியலாம்? கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்னும் மகப்பேற்று நிபுணர் 1958ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டதன் பின்னர், கேளா ஒலி அலைகளால் கருப்பையினுள்ளே நோக்கும் முறை உலகெங்கும் பரவிற்று. இன்று நாம் 'ஸ்கான்' என்று கூறுவது இதனையே. கர்ப்பத்தின் 11ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையே செய்யும் ஸ்கானில், இரு பனிக்குடங்களையும் பிரிக்கும் சவ்வு கொடியைத் தொடும் இடத்தை வைத்தியர் கூர்ந்து பார்ப்பார். அவ்விடம் ஆப்புப் போல் தடித்து, கிரேக்க எழுத்தாகிய 'லம்டா'வை ஒத்திருந்தால் கொடிகள் இரண்டு. சவ்வு மெல்லியதாய், ஆங்கில 'ரீ' எழுத்தைப் போலச் செங்குத்தாக வந்து தொட்டால் கொடி ஒன்று. மாதங்கள் செல்லச் செல்ல இவ்வடையாளம் மங்கிவிடும். அருகருகே உள்ள இரு கொடிகள் ஒன்றாய் ஒட்டியும் தோன்றும். ஆதலால், ஒன்பதாம் மாதத்தில் எடுக்க வேண்டிய முடிவுக்கு உரிய ஆதாரம் மூன்றாம் மாதத்திலேயே கிடைக்கிறது. அக்காலத்தைத் தவறவிட்டால் பின்னர் உறுதியாக அறிவது கடினம்.

ஒரே கொடியைப் பகிர்வோருக்கு நேரக்கூடிய இடர் யாதெனின், அக்கொடியினுள்ளே இருவரின் குருதிக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதே. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரையான இத்தகைய கர்ப்பங்களில், ஒரு பிள்ளையின் குருதி மற்றப் பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்துவிடுகிறது. கொடுப்பது வாடும், பெறுவதன் இதயம் சுமை தாங்காது தளரும். இதனைக் காலத்தோடு கண்டுகொள்ளவே 16ஆம் வாரந்தொட்டு இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்கின்றனர். அவ்விணைப்புகளை லேசர்க் கதிரால் அடைக்கும் சிகிச்சையும் உண்டு. மிகுதியான பனிநீரை ஊசியால் அகற்றும் பழைய முறையோடு இதனை ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. பழைய முறையில் நூற்றுக்கு 56 தாய்மாருக்கே ஒரு பிள்ளையாவது பிறந்து 28 நாள் கடந்து பிழைத்தது. லேசர்ச் சிகிச்சையில் அத்தொகை 76 ஆயிற்று.

தராசின் இரு தட்டுகள்

கொடியின் தொகையை அறிந்தபின் வைத்தியர் ஒரு தராசைக் கையில் எடுக்கிறார் எனலாம். ஒரு தட்டில் இருப்பது முந்திப் பிறப்பதால் வரும் தீங்கு. மறு தட்டில் இருப்பது பிந்திப் பிறப்பதால் வரும் தீங்கு.

முந்திப் பிறக்கும் குழந்தைக்கு முதற் பகை அதன் முதிராத நுரையீரலே. நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழுவழுப்பான பொருள் அங்கு போதியளவு சுரப்பதில்லை என்பதை 1959இல் அமெரிக்க வைத்தியை மேரி எலன் ஏவரி தம் சகாவுடன் எடுத்துக்காட்டினார். பின்னர், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலே லிகின்ஸ், ஹோவி என்னும் இரு வைத்தியர்கள், பிரசவத்துக்கு முன்னரே தாய்க்கு ஊசி மூலம் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று 1972இல் நிலைநாட்டினர். இன்றும் மிக முந்திப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளைக் காப்பது அம்மருந்தே. அப்படியிருந்தும், வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு ஆதாயம் என்பது ஒரு காலம் வரையில் உண்மை.

அக்காலம் கடந்தபின் தராசு மறுபுறம் சாயத் தொடங்குகிறது. கருப்பையில் இடம் குறைகிறது. இருவரின் தேவைக்கும் ஈடுகொடுக்கக் கொடியினால் இயலாது போகலாம். எவ்வித நோய்க்குறியும் இன்றி, நேற்று வரை துடித்த இதயம் நின்றுவிடும் துயரமும் நேரலாம். ஒரே கொடியைப் பகிர்வோரில் ஒன்று இறந்தால், மற்றதன் குருதி இறந்த பிள்ளையின் பக்கம் வடிந்து, உயிரோடிருக்கும் பிள்ளையின் மூளையும் பாதிக்கப்படக்கூடும். ஆகவேதான் அவர்களுக்குக் குறிக்கும் நாள் இன்னும் முந்துகிறது.

ஆய்வுகள் காட்டும் நாட்கள்

இத்தராசு எந்த வாரத்தில் சமநிலைப்படுகிறது? 2016இல் 'பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை'யில் வெளிவந்த ஆய்வொன்று 32 ஆய்வுகளைத் திரட்டி, 35,171 இரட்டைக் கர்ப்பங்களின் விபரங்களை அலசியது. அதனை எழுதியோர் வரிசையில் திலகநாதன், தங்கரத்தினம் என்னும் பெயர்களையும் காண்கிறோம். நம் மாணவர் கண்டு மகிழத்தக்க செய்தி இது. தனித்தனிக் கொடியுடைய, வேறு சிக்கலற்ற இரட்டையருக்கு 37ஆம் வாரம் வரை இரு தட்டுகளும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. அதற்கு மேலும் ஒரு வாரம் காத்திருந்தால், ஆயிரம் கர்ப்பங்களுக்கு 8.8 என்ற அளவில் குழந்தைச் சாவு மேலதிகமாகிறது. இதுவே அவ்வாய்வின் முடிபு.

நிறை கூடும் என்று காத்திருக்கும் தாய்மார் கவனிக்கவேண்டிய ஆய்வு வேறொன்று. அவுஸ்திரேலியப் பேராசிரியை ஜோடி டொட் தலைமையில் நடந்து, 2012இல் வெளிவந்த அவ்வாய்வில் 235 தாய்மார் சேர்ந்தனர். ஒரு பகுதியினர் 37ஆம் வாரத்தில் பிரசவித்தனர். மறு பகுதியினர் 38ஆம் வாரமும் அதற்கு மேலும் காத்திருக்க வைக்கப்பட்டனர். கடுமையான தீங்குகளுக்கு உள்ளான குழந்தைகள் முன்னவரிடையே நூற்றுக்கு 4.7, பின்னவரிடையே 12.2. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி, கர்ப்ப காலத்துக்குத் தகாத மிகக் குறைந்த நிறையோடு பிறந்த குழந்தைகளால் ஏற்பட்டது. காத்திருந்தோர் பக்கத்திலேயே அத்தகைய மெலிந்த குழந்தைகள் கூடுதலாக இருந்தன. நாள் கூடினால் நிறையும் கூடும் என்னும் கணக்கு இரட்டையரிடம் எப்போதும் செல்லுபடியாவதில்லை.

இத்தகைய ஆதாரங்களைக் கொண்டு இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, சிக்கலற்ற கர்ப்பங்களுக்குக் கூறும் நாட்கள் இவை: கொடி இரண்டாயின் 37 வாரம் நிறைந்ததும், கொடி ஒன்றாய்ப் பனிக்குடம் இரண்டாயின் 36 வாரம் நிறைந்ததும், கொடியும் பனிக்குடமும் ஒன்றேயாயின் 32ஆம் வாரம் நிறைந்தது முதல் 34ஆம் வாரம் நிறையுமுன். கடைசி வகையினர் இவ்வளவு முந்துவது, இருவரின் தொப்புட்கொடிகளும் ஒன்றோடொன்று சிக்கி இறுகக்கூடும் என்பதனால். அமெரிக்க மகப்பேற்று நிபுணர் கல்லூரியோ இரு கொடியுடையோர்க்கு 38ஆம் வாரத்தைக் குறிக்கிறது. ஒரு வார வேறுபாடு வல்லுநரிடையேயும் உண்டு. 40 வாரம் வரை காத்திருக்கும்படி இவ்விரு நிறுவனங்களும் கூறவில்லை என்பதே நாம் மனத்திற் கொள்ளத்தக்கது.

ஒரு பிள்ளையின் வளர்ச்சி தடைப்பட்டாலோ, தாயின் குருதி அமுக்கம் ஏறினாலோ இந்நாட்களும் முந்தும். அன்றியும், இரட்டைக் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது 37 வாரம் நிறையுமுன் தாமாகவே பிரசவத்தில் முடிகின்றன. ஆதலால் நாளைக் குறித்துவிட்டு அதன்பின் ஆயத்தஞ் செய்வோம் என்றிருத்தல் ஆகாது. ஏழாம் மாதம் முடியுமுன்னரே எந்த வைத்தியசாலை, எந்த வாகனம், யார் துணை என்பன தீர்மானமாகிவிட வேண்டும்.

நாள் குறித்தால் கத்திதானா?

நாள் குறிப்பது என்றவுடனே சத்திரசிகிச்சை என்று அஞ்சுவோர் பலர். வலியை மருந்தினால் தூண்டி இயற்கையாகப் பிரசவிக்கச் செய்வதும் உண்டு. 25 நாடுகளில் 2804 தாய்மாரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. முதற் பிள்ளை தலைகீழாக இருக்கும்போது, சத்திரசிகிச்சைக்குத் திட்டமிட்டாலும் இயற்கைப் பிரசவத்துக்குத் திட்டமிட்டாலும் குழந்தைகளுக்கு நேரும் தீங்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று அது கண்டது. எனினும் இயற்கைப் பிரசவத்துக்குத் திட்டமிட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு, ஒரு பிள்ளையையேனும் சத்திரசிகிச்சையால் எடுக்க நேர்ந்தது. ஆகவே இரண்டுக்கும் வசதியுள்ள வைத்தியசாலையே இரட்டையர் பிறக்கத் தகுந்த இடம்.

இனி, நம்மவரிடையே உள்ள ஒரு வழக்கத்தையும் கூறாது விட முடியாது. சத்திரசிகிச்சை என்று முடிவானதும் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாளும் நட்சத்திரமும் தேடும் குடும்பங்கள் உண்டு. வைத்தியர் குறித்த வாரத்துக்குள்ளே இரண்டு மூன்று நாட்களுள் ஒன்றை விரும்பிக் கேட்பதில் குற்றமில்லை. வைத்தியர் இசைந்தால் அவ்வாறே செய்யலாம். நட்சத்திரத்துக்காக ஒரு வாரத்தைத் தள்ளிப் போடுவதோ, முதிரா முன்னர் எடுக்கச் சொல்வதோ வேறு காரியம். அந்த ஒரு வாரத்தின் விலையை மேலே எண்களில் கண்டோம். இரு பிள்ளைகளும் உயிரோடும் சுகத்தோடும் வீடு வந்தால், அவர்கள் பிறந்த நாளே அக்குடும்பத்துக்கு நன்னாள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இரட்டைக் கர்ப்பம் என்று அறிந்த தாய், மூன்றாம் மாதத்திலேயே வைத்தியரிடம் கேட்கவேண்டியது: "பிள்ளைகளுக்குக் கொடி ஒன்றா, இரண்டா? தயவுசெய்து என் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்." பின்னர், "எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ஸ்கான்?" "எந்த வாரத்தில் பிரசவம் என்று எண்ணுகிறீர்கள், ஏன்?" "குறித்த நாளைக் கடந்தும் நான் காத்திருந்தால் எவ்வாறு கண்காணிப்பீர்கள்?" என்று கேட்கலாம். முடிவு தாயின் சம்மதத்தோடு எடுக்கப்படுவது. காரணம் அறிந்து கொடுக்கும் சம்மதமே சம்மதம். கணவனும் மாமியாரும் அந்த உரையாடலின்போது உடனிருந்தால், வீட்டுக்கு வந்தபின் வீண் வாதங்கள் குறையும்.

பிள்ளைகளின் துடிப்புக் குறைந்தாலும், குருதி கசிந்தாலும், பனிநீர் உடைந்தாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் பொறுக்கவொண்ணாது அரித்தாலும், குறித்த நாள் வரட்டும் என்று வீட்டில் இருக்கலாகாது. அன்றே, அந்நேரமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரட்டைப் பிள்ளைக்காகத் தொட்டிலும் துணியும் இரண்டிரண்டாய்த் தேடும் வீட்டார், இந்த அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதி, எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டி வைப்பாராக.