மார்கழிக்கு ஒரு நகப்பூச்சு: ஸ்னோ எதுக்குங்க?

டிசம்பர் பொறந்தா போதும், நெட்ல 'விண்டர் மேனிக்யூர்'னு தேடினா ஒரே வெள்ளை, வெள்ளி, ஐஸ் நீலம். பத்தாததுக்கு நகத்துக்கு நகம் ஆறு முனை பனித்துகள் வேற. மக்களே, நியாயமா சொல்லுங்க... குமராட்சியில என்னைக்கு ஸ்னோ விழுந்துச்சு? நம்ம குளிர்காலத்துக்குன்னு தனியா நிறம் இருக்குங்கிறதுதான் என் கட்சி.

(ஆபீஸ்ல ஆணி புடுங்குறவளுக்கு வீட்ல நகத்து மேல என்ன ஆராய்ச்சின்னு கேக்கப்படாது. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதான் :-))

மார்கழி விடிகாலைல சிதம்பரம் - காட்டுமன்னார்கோயில் ரோட்டுல பஸ்ல போனவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் சம்பா வயல் பச்சை. அது மேல மெல்லிசா பனிமூட்டம். ஊருக்குள்ள வந்தா கோலத்து நடுவுல, சாணி உருண்டை மேல பூசணிப்பூ. பச்சை, வெள்ளை, மஞ்சள். இதுக்கு மேல என்ன வேணும்?

செய்யறது சுலபம். நகத்தை ரிமூவரால துடைச்சு எண்ணெய்ப் பசை எடுத்துட்டு பேஸ் கோட். அப்புறம் பச்சை, மெல்லிசா ரெண்டு தடவை. நல்லா காஞ்சதும், கலர் இல்லாத பாலிஷ்ல ஒரே ஒரு சொட்டு வெள்ளை கலந்து மேல ஒரு பூச்சு. நுனிப்பக்கம் மட்டும் இன்னொண்ணு. பச்சை உள்ளேர்ந்து மங்கலா தெரியணும், அதான் விஷயம். கடைசியா குச்சி முனையால ஒரு மஞ்சப் பொட்டு, டாப் கோட். முடிஞ்சுது.

இதுல எனக்குப் பிடிச்சது பின்னால இருக்கிற இயற்பியல். பனிமூட்டம் வெள்ளையா தெரியறதுக்குக் காரணம், குட்டி நீர்த்துளிங்க எல்லா நிற வெளிச்சத்தையும் சிதறடிக்கிறது. வெள்ளை பாலிஷ்ல இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு தூளும் அதே வேலையத்தான் பாக்குது!

அவசரம் மட்டும் ஆகாது. பாலிஷ் காயறதுன்னா அதுல இருக்கிற எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் ஆவியாப் போறது. கீழ் அடுக்கு காயறதுக்கு முன்னாடி மேல பூசினா அது கரைஞ்சு இழுத்துக்கும். மழை ஈரத்துல பூசினா, ஆவியாகும்போது குளிர்ந்த பூச்சுல ஈரம் படிஞ்சு தானாவே மூட்டம் போட்டுரும். ஓசிப் பனி!

'மருதாணி இருக்க இந்தக் கண்றாவி எதுக்கு'ன்னு ஒரு கோஷ்டி வரும். மருதாணியோட சாயம் நகத்துல இருக்கிற கெரட்டினோடயே ஒட்டிக்கும். நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் வளர்றதால, முழுசா போக மாசக்கணக்காகும். பாலிஷ் அப்படி இல்ல, பிடிக்கலன்னா சாயங்காலமே அழிச்சிரலாம். ரெண்டும் ரெண்டு சுகம். இதுல என்ன சண்டை?

எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. நாத்து நட்டு, சேறு ஏறி நகம் கறுத்த எங்க தெருப் பெரியம்மாங்க, 'எங்களுக்கு எதுக்கு கண்ணு, சிரிப்பாங்க'ன்னு கையைப் பின்னால மறைச்சுக்கிறாங்க. ஏங்க, அந்தப் பச்சையே அவங்க நட்டதுதானே? கீபோர்டு தட்டுற என் விரலுக்கு இருக்கிற உரிமை அந்தக் கைக்கு ஒரு படி கூடவே உண்டு.

மார்கழில ஊருக்குப் போறவங்க பையில ரெண்டு பாட்டில் போட்டுக்கிட்டுப் போங்க. முதல்ல அவங்க கையைப் பிடிச்சு உக்கார வையுங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், அதுக்குள்ள பூச்சு காஞ்சிரும்.