பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்

ஆயர் தாவாரிலிருந்து சித்தியவான் தாண்டினால் லுமுட். அங்குள்ள படகுத்துறைகளில் நிற்கும் பாய்மரப் படகுகள் பலவற்றில் ‘ஆட்டோபைலட்’ எனப்படும் தானியங்கிச் சுக்கான் உண்டு. திசையைச் சொல்லிவிட்டால் போதும். சுக்கானைத் தானே திருப்பிப் படகை அந்தத் திசையிலேயே கொண்டுபோகும்.

ஆள் குறைந்த படகுக்கு இது பெரிய துணை. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய ‘தாரிணி’ பாய்மரப் படகில் இருந்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்களில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஒருவர் தூங்கினால் மற்றவர்தான் காவல்.

ஆனால், தானியங்கிக்குக் கண் இல்லை. பங்கோர் பக்கம் வலைகள், மிதக்கும் மரக்கட்டைகள், இரவில் விளக்கில்லாத படகுகள் எல்லாம் உண்டு. விடியலுக்கு முன் சுமத்திரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்றும் வரும். அந்த நொடியில் பத்துப் பாகை திருப்பும் பொத்தான் கைக்கு எட்ட வேண்டும்.

வயர் இழுப்பது சுலபம், மழை படாது என்று சிலர் அதைக் கீழே அறைக்குள் பொருத்துகிறார்கள். திசை மாற்ற ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டும். அந்த நேரத்தில் கடலைப் பார்க்க ஆளில்லை. காவலிருப்பவர் மழைக்கும் அலைக்கும் ஒதுங்கி உட்காரும் முன்மறைப்பின் கீழ்தான் சரியான இடம். வசதியிருந்தால் சுக்கான் சக்கரத்தருகே இன்னொன்று. முழங்காலோ கயிறோ தற்செயலாகப் பட்டு அழுத்தும் இடம் மட்டும் கூடாது.

திசையறியும் காந்தக் கருவியை இரும்பு, இயந்திரம், ஒலிபெருக்கி ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். சிறிய படகுகளின் சுக்கான் தண்டில் மாட்டும் வகையில் அந்தக் காந்தக் கருவி உள்ளேயே இருக்கும். ஆகவே அதன் பக்கத்தில் கைப்பேசியை வைக்காதீர்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. தனியாகச் செல்பவர் கடலில் விழுந்தாலும் தானியங்கி படகை நிறுத்தாது. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போகும் படகு ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் விலகிவிடும். சட்டைப்பையில் ரிமோட் இருந்தாலும், உடம்போடு படகைப் பிணைக்கும் பாதுகாப்புக் கயிறுதான் முதல் காப்பு.

ஓட்டை போடும் முன் ஓர் அட்டையைக் கருவியின் அளவில் வெட்டி, நினைத்த இடத்தில் ஒட்டுங்கள். இரண்டு வார இறுதிகள் படகோட்டிப் பாருங்கள். கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே கை அட்டையைத் தொடுகிறதா? அப்படியென்றால் அங்கேயே பொருத்தலாம்.